குதிரை ஜி5-க்கு வந்துவிட்டால் கறுப்பு என்ன ஆடலாம்?

சேலத்தில் பிள்ளைகள் ஆடும் செஸ் போட்டி எதற்குப் போனாலும், முதல் ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் இந்த நிலையை ஏதாவது ஒரு போர்டில் பார்த்துவிடலாம். வெள்ளையும் கறுப்பும் மாறி மாறி இ4, இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4, குதிரை எஃப்6, உடனே வெள்ளைக் குதிரை ஜி5-க்குத் தாவி நிற்கும். எஃப்7 சிப்பாயைக் குதிரையும் பிஷப்பும் சேர்ந்து குறிவைக்கின்றன, அதைக் காக்க ராஜாவை விட்டால் வேறு யாருமில்லை. டூ நைட்ஸ் டிஃபென்ஸ் என்ற இந்த ஓப்பனிங்கில் (ஆட்டத் தொடக்க வரிசையில்) வெள்ளைக்கு இருப்பதிலேயே ஷார்ப்பான, ஒரு தப்பில் ஆட்டமே மாறிவிடும் வழி இதுதான். ஜெர்மன் மாஸ்டர் தாராஷ் இதைக் கத்துக்குட்டிகளின் மூவ் என்று ஒதுக்கினார். ஆனால் உலக சாம்பியன்கள் ஸ்டைனிட்ஸும் ஃபிஷரும் ஆடினார்கள், இன்றைய கிராண்ட்மாஸ்டர்களும் ஆடுகிறார்கள்.

அஸ்தம்பட்டிப் பக்கம் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே பெற்றோர் அதிகமாகக் கேட்கும் கேள்வியும் இதுதான்: கறுப்பில் ஆடும்போது ஜி5 குதிரைக்கு எதை வைத்துப் பதில் சொல்வது? ஐந்தாறு வழி இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருக்கிறது. அண்மையில் எங்கள் பையன் ஒருவன் ஆடி டிரா செய்த ஆட்டம் இந்தக் கேள்வியை நன்றாகத் திறந்து காட்டியது, அதனால் அதை வைத்தே ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

பையன் ஏற்காட்டில் இருந்து வருகிறவன், ஏழாம் வகுப்பு. ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்து, தலைசுற்றல் தீரும் முன்பே போர்டில் உட்கார்ந்துவிடுவான். எதிரே உட்கார்ந்தது ஒரு கல்லூரி மாணவர், ரேட்டிங்கில் இவனைவிட ஏறக்குறைய 200 புள்ளி மேலே. நாலாவது மூவில் குதிரை ஜி5 வந்தது. பையன் எஃப்7-ஐக் காக்கவே இல்லை, பிஷப்பை சி5-க்கு எடுத்தான். இதற்குப் பெயர் டிராக்ஸ்லர் கவுன்டர் அட்டாக். போஹீமியாவைச் சேர்ந்த கரேல் டிராக்ஸ்லர் என்ற பாதிரியார் 1890-இல் ரெய்னிஷ் என்பவருக்கு எதிராக ஆடியது. அந்த ஆட்டத்தில் அவர் ராணியையே விட்டுக்கொடுத்து வெள்ளை ராஜாவைப் போர்டு முழுக்கத் துரத்தி, 17-ஆவது மூவில் சி5-க்கு ஒரு சிப்பாயை நகர்த்தி மேட் செய்தார். இதை ஒரு தடவை பார்த்த பையன் யாரும் மறக்கமாட்டான், அதுதான் இந்த ஓப்பனிங்கில் இருக்கும் ஆபத்தும்.

ஆட்டம் இப்படிப் போனது. ஐந்தாவது மூவில் வெள்ளை குதிரையால் எஃப்7-ஐ வெட்டினார், ராணிக்கும் யானைக்கும் ஒரே நேரத்தில் அடி. கறுப்பு கவலைப்படாமல் பிஷப்பால் எஃப்2-ஐ வெட்டி செக் வைத்தது. ராஜா பிஷப்பை வெட்டினார், குதிரை இ4 சிப்பாயை வெட்டி மறுபடி செக். ராஜா ஜி1-க்கு ஒதுங்க, ராணி எச்4-க்கு வந்து நின்றது, அடுத்து எஃப்2-ல் மேட் என்ற மிரட்டலோடு. எட்டாவது மூவில் வெள்ளை ஜி3 தள்ளினார், குதிரை அதையும் வெட்டியது. ஒன்பதாவது மூவில் வெள்ளை எச்8 யானையை எடுத்துக்கொண்டார். இங்கேதான் பையன் ஆடியது அழகு: ஜி3 குதிரையை அப்படியே சாகவிட்டு, சி6-ல் இருந்த இன்னொரு குதிரையை டி4-க்குக் கொண்டுபோனான். வெள்ளை எச் சிப்பாயால் குதிரையை வெட்டினார், ராணி ஜி3-ஐ வெட்டி செக், ராஜா எஃப்1, ராணி எஃப்4 செக், ராஜா ஜி1, ராணி ஜி3 செக், ராஜா எஃப்1, ராணி எஃப்4 செக், ராஜா ஜி1. அவ்வளவுதான், டிரா.

இந்த இடத்தில் போர்டை எண்ணிப் பார்த்தால் வெள்ளைக்கு ஒரு யானை, ஒரு பிஷப், ஒரு குதிரை கூடுதல். கறுப்புக்கு மூன்று சிப்பாய் கூடுதல். ஒரே ஒரு மூவ் ஓய்வு கிடைத்தால் வெள்ளை ஜெயித்துவிடுவார், அந்த ஓய்வுதான் கிடைக்கவில்லை. ராஜா இ1-க்குப் போனாலும் ராணி ஜி3-ல் செக், எஃப்1-க்குத் திரும்புவதைத் தவிர வேறு வழியில்லை, ஏனென்றால் இ2-ஐ டி4 குதிரை பூட்டி வைத்திருக்கிறது. அந்தக் குதிரை டி4-ல் உட்கார்ந்த மூவ்தான் முழு டிராவையும் தாங்கி நிற்கிறது.

டிராவை அவன் கேட்டு வாங்கிய முறையையும் சொல்லவேண்டும், நிறையப் பிள்ளைகள் இங்கேதான் அரைப் புள்ளியைக் கோட்டை விடுகிறார்கள். பெர்பெச்சுவல் செக் (நிற்காமல் செக் வைத்துக்கொண்டே இருப்பது) என்று உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் விதிப் புத்தகத்தில் தனியாக டிரா கிடையாது. ஒரே நிலை மூன்று முறை வரவேண்டும், அதை ஆடுபவர்தான் ஆர்பிட்டரிடம் (நடுவரிடம்) கோரவேண்டும். ராஜா ஜி1, ராணி ஜி3 என்ற நிலை பத்தாவது மூவில் முதல் தடவை வந்தது, பன்னிரண்டில் இரண்டாவது தடவை. பதினாலில் மூன்றாவது தடவை வரப்போகிறது. பையன் கையை ராணிப் பக்கம் கொண்டுபோனவன் சட்டென்று இழுத்துக்கொண்டு, அந்த மூவை ஸ்கோர் ஷீட்டில் எழுதி, கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினான். இதுதான் சரியான வரிசை: எழுது, ஆடாதே, ஆர்பிட்டரைக் கூப்பிடு. ஆடி கடிகாரத்தை அழுத்திய பிறகு கேட்டால் அந்த உரிமை போய்விடும், எதிராளி வேறு மூவ் ஆடலாம். கோரிக்கை தப்பாக இருந்தால் எதிராளிக்கு இரண்டு நிமிடம் கூட்டிக் கொடுப்பார்கள், எழுதின மூவையும் ஆடியே ஆகவேண்டும். சில போட்டிகளில் இத்தனை மூவுக்கு முன் பேசி டிரா செய்யக் கூடாது என்று விதி வைப்பார்கள், மூன்று முறை திரும்பிய நிலைக்கு அந்த விதி குறுக்கே வராது.

ஆட்டம் முடிந்ததும் வராந்தாவில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்து, சின்ன போர்டில் மறுபடி ஆடிப் பார்த்தோம். பன்னிரண்டாவது மூவில் நிறுத்தினேன். "இங்க ராஜா ஜி1-க்குப் போகாம ஜி2-க்கு வந்திருந்தா என்ன கண்ணு பண்ணியிருப்பே?" என்றேன். "ஜி4-ல செக் வெச்சிருப்பேங்க சார்" என்றான், யோசிக்காமல். நான் ஒன்றும் சொல்லவில்லை, டி1-ல் இருந்த வெள்ளை ராணியை எடுத்து இ2, எஃப்3 வழியாக ஜி4 வரை இழுத்து அவனுடைய ராணி மேல் வைத்தேன். பையன் முகம் வெளுத்துவிட்டது. சரியான செக் ஜி5-ல் வைக்கவேண்டும். அங்கே வெள்ளை ராணிக்கு எட்டாது. ராஜா எஃப்1, எஃப்2, எச்2 எங்கே போனாலும் ராணி எஃப்4-க்குத் திரும்பி மறுபடி செக். எச்3-க்குப் போனால் டி சிப்பாயை நகர்த்தினால் போதும், பின்னால் இருக்கும் சி8 பிஷப்பே செக் வைத்துவிடும். டிரா இருக்கிறது, ஆனால் அதை நாமாகக் கண்டுபிடிக்கவேண்டும். எதிராளி ஜி2-ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் அன்றைக்கு நம் பையன் தோற்றிருப்பான். டிராக்ஸ்லரை வரிசையாக மனப்பாடம் செய்தவனுக்கும் புரிந்து ஆடுகிறவனுக்கும் இடையில் இருக்கும் தூரம் அந்த ஒரு கட்டம்தான்.

அவங்க அம்மாவுக்கு வருத்தம். குகேஷ் சிங்கப்பூரில் டிரா போலத் தெரிந்த கடைசி ஆட்டத்தையும் விடாமல் ஆடித்தானே உலக சாம்பியன் ஆனார், இவன் ஏன் பதினாலாவது மூவிலேயே எழுந்து வந்தான் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். 2024 டிசம்பரில் அந்த 14-ஆவது ஆட்டத்தில் குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல், இழக்க ஒன்றுமில்லாத நிலை, அதனால் அழுத்திக்கொண்டே இருந்தார், எதிராளி டிங் லிரென் யானையை எஃப்2-ல் வைத்துத் தவறினார். இங்கே பையனுக்கு மூன்று பீஸ் குறைவு, செக்கை நிறுத்தினால் அடுத்த மூவே தோல்வி. தொடர்ந்து ஆட வேண்டிய டிராவும் உண்டு, உடனே வாங்கிக்கொள்ள வேண்டிய டிராவும் உண்டு. ரேட்டிங் கணக்கையும் சொன்னேன்: 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு ஃபிடே கணக்கில் கே மதிப்பு (ஒரு ஆட்டத்தில் ரேட்டிங் எவ்வளவு மாறலாம் என்ற அளவு) 40. 200 புள்ளி மேலே இருப்பவரோடு ஆடினால் எதிர்பார்ப்பு 0.24 தான், டிரா செய்தால் பத்துப் புள்ளிக்கு மேல் ஏறும், தோற்றிருந்தால் ஏறக்குறைய அதே அளவு இறங்கியிருக்கும். அதைக் கேட்டதும் அவங்களுக்குக் கொஞ்சம் சமாதானம்.

சரி, அடுத்த போட்டிக்கும் இதையே ஆடலாமா? இங்கேதான் நான் பிடிவாதமாக இருக்கிறேன்: ஒரு ஆட்டத்தின் முடிவை வைத்து ஓப்பனிங்கை வைத்துக்கொள்வதும் தூக்கிப்போடுவதும் கூடாது. 1972-இல் ரெய்க்யவிக்கில் உலக சாம்பியன் பட்டத்துக்காக ஸ்பாஸ்கிக்கு எதிராக ஆடியபோது, ஃபிஷர் நஜ்டார்ஃப் என்ற ஓப்பனிங்கில் பி2 சிப்பாயை ராணியால் வெட்டும் பாய்சன்டு பான் வழியை இரண்டு தடவை ஆடினார். ஏழாவது ஆட்டம் டிரா, பதினொன்றாவது ஆட்டத்தில் ராணி மாட்டிக்கொண்டு தோல்வி. ஒரே ஓப்பனிங், ஒரே ஆள். அப்புறம் அவர் நஜ்டார்ஃபை விட்டு ஓடவில்லை, பதினைந்தாவது ஆட்டத்தில் அதே நஜ்டார்ஃபுக்குள் பிஷப் இ7 என்ற வேறு கிளைக்கு மாறினார், அந்த ஆட்டம் டிரா. பார்க்கவேண்டியது அந்தக் கிளைகளைத்தான்.

முதலில் டிராக்ஸ்லரையே எடுத்துக்கொள்வோம். ஐந்தாவது மூவில் வெள்ளை குதிரையால் வெட்டினால் சரியாக ஆடும் இருவருக்கும் அது டிராவில்தான் முடியும், நம் பையனுக்கு வந்தது அந்த ஓப்பனிங்கின் நேர்மையான முடிவு. எஃப்2 பிஷப்பை வெட்டாமல் ராஜா எஃப்1-க்குப் போனால் ராணி இ7, அப்புறம் டி5 என்று கறுப்புக்கு ஆட்டம் இருக்கிறது. பிஷப்பை வெட்டிய ராஜா ஜி1-க்குப் பதில் இ3-க்கு ஏறினால் அது இன்னொரு காடு, அதையும் படித்திருக்கவேண்டும். ஆனால் உண்மையான தொல்லை வேறு. வெள்ளை குதிரையால் வெட்டாமல் பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் வைத்தால்? ராஜா இ7, பிஷப் பி3-க்கோ டி5-க்கோ பின்வாங்கும். வெள்ளைக்கு ஒரு சிப்பாய் லாபம், கறுப்புக்குக் கேஸ்லிங் (ராஜாவை ஓரத்தில் பத்திரப்படுத்தும் மூவ்) போயிற்று, பட்டாசு ஒன்றும் வெடிக்காது. கறுப்பு யானையை எஃப்8-க்குக் கொண்டுவந்து, டி6 தள்ளி, ராணியை இ8 வழியாக ஜி6-க்கு நகர்த்தி எஃப் பாதையில் தாக்கலாம், ஏதோ ஈடு இருக்கிறது. போதுமான ஈடு இல்லை என்பதுதான் என் கணிப்பு, எந்த எஞ்சினும் (செஸ் ஆராயும் கம்ப்யூட்டர் புரோகிராமும்) அதைத்தான் சொல்லும். இந்த பிஷப் வெட்டை அந்தக் கல்லூரி மாணவர் அறிந்திருக்கவில்லை. அடுத்து வருகிறவர் வீட்டில் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்தால் நம் பையனின் பழைய ஆட்டமே அவருக்குப் பாடமாகிவிடும். ரேட்டிங் போட்டி ஆட்டங்கள் டேட்டாபேஸில் ஏறிவிடுகிற காலம் இது, ஒரே அதிர்ச்சியை இரண்டு தடவை விற்க முடியாது.

அதனால் டிராக்ஸ்லரை 15 நிமிட ரேபிட் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அங்கே எதிராளிக்கு யோசிக்க நேரமில்லை, ராஜா ஓடத் தொடங்கினால் பயம் அவரைப் பாதி தோற்கடித்துவிடும். 90 நிமிடமும் மூவுக்கு 30 விநாடியும் இருக்கும் கிளாசிக்கலில் எதிராளி இருபது நிமிடம் உட்கார்ந்து பிஷப் வெட்டைத் தானாகவே கண்டுபிடித்துவிடுவார்.

நாலாவது மூவில் டி5 தள்ளுவதுதான் முறையான பதில். வெள்ளை இ சிப்பாயால் டி5-ஐ வெட்டுவார், இப்போது கறுப்பு எதை ஆடுவது என்பதில்தான் பிள்ளைகள் சறுக்குகிறார்கள். கைக்கு முதலில் வருவது குதிரையால் டி5-ஐத் திருப்பி வெட்டுவது. அதைச் செய்யாதே என்று நான் சொல்வதற்குக் காரணம் ஃபிரைடு லிவர்: வெள்ளை குதிரையை எஃப்7-ல் பலிகொடுத்து ராஜாவை வெளியே இழுத்து, ராணி எஃப்3 செக் வைத்ததும், டி5 குதிரையைக் காக்க ராஜா இ6-க்கு ஏறி நடு போர்டில் நிற்கவேண்டும், அடுத்து குதிரை சி3 வந்து அந்த டி5 குதிரையை அழுத்தும். அதைவிடவும் மோசம், வெள்ளை அவசரப்படாமல் ஆறாவது மூவில் டி4 தள்ளும் லோலி என்ற தாக்குதல். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அந்த ராஜாவோடு தனியாக விட எனக்கு மனசு வராது. இதற்கு மேல் இதைப் பேசத் தேவையில்லை.

அப்புறம் அதே ஐந்தாவது மூவில் குதிரை டி4 என்ற ஃப்ரிட்ஸும், பி5 என்ற உல்வெஸ்டாடும். இரண்டும் தனித்தனி வழி போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய்ச் சேரும். பி5 தள்ளினால் வெள்ளைக்கு ஆசை காட்டுவது பிஷப்பால் அந்தச் சிப்பாயை வெட்டுவது. வெட்டினால் ராணி டி5-ஐ வெட்டி பி5 பிஷப்பையும் ஜி2 சிப்பாயையும் ஒரே நேரத்தில் பிடிக்கும். வெள்ளையின் சரியான பதில் விசித்திரமானது, பிஷப்பை எஃப்1-க்கே திருப்பி அனுப்பவேண்டும், ஜி2-ஐக் காக்க. இதைத் தெரியாதவர் போர்டில் உட்கார்ந்து கண்டுபிடிப்பது கஷ்டம், அதனால் பிள்ளைகள் மட்டத்தில் பி5-க்கு நல்ல பலன் கிடைக்கும். தெரிந்தவரிடம் போனால் கறுப்பு பின்னாலேயே ஓடவேண்டியிருக்கும். டிராக்ஸ்லரைப் போலவே இதுவும் எதிராளியின் அறியாமையை நம்பி வைத்த பந்தயம், ஆனால் கேஸ்லிங் செய்யும் உரிமையாவது மிஞ்சும்.

இப்போது அதே ஐந்தாவது மூவில் சி6 குதிரையை ஏ5-க்கு எடுப்பது. சி4 பிஷப்பை நேரடியாகக் கேள்வி கேட்கிறது. பிஷப் பி5 செக், சி6, டி சிப்பாய் சி6-ஐ வெட்டும், பி சிப்பாயால் திருப்பி வெட்டு. இங்கே கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு, அதைக் கேட்டதும் பெற்றோர் முகம் சுருங்கும். ஆனால் கறுப்புக்குக் கிடைத்ததைப் பாருங்கள். பிஷப் இ2-க்குப் போனால் எச்6 தள்ளி ஜி5 குதிரையை விரட்டு, அது எஃப்3-க்குப் போனதும் இ4 தள்ளி மறுபடி விரட்டு, அது இ5-க்குப் போனால் பிஷப்பை டி6-க்கு எடுத்து மூன்றாவது தடவை அதையே தொடு. வெள்ளை ஒரே குதிரையைத் தூக்கிக்கொண்டு அலையும்போது கறுப்பின் பீஸ்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடும். சந்தையில் ஒரு பொருளை மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியவன் அதைத் தூக்கிக்கொண்டே நாள் முழுக்க நடக்கிற மாதிரிதான் வெள்ளைக்கு அந்தச் சிப்பாய்.

இதில் ஒவ்வொரு மூவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது, அதுதான் எனக்குப் பிடித்தது. டிராக்ஸ்லரில் ஜி4-க்கும் ஜி5-க்கும் இடையில் ஒரு கட்டம் மறந்தால் ஆட்டமே போய்விடும். ஏ5-இல் ஒரு மூவை மறந்தாலும் 'எதைத் தொட்டால் வெள்ளை ஓடவேண்டும்' என்று கேட்டுக்கொண்டால் பாதி தடவை சரியான மூவே வந்துவிடும்.

வெள்ளைக்கும் இங்கே பல வழி உண்டு, அதை மறைக்கக் கூடாது. கறுப்பு எச்6 தள்ளியதும் குதிரையை எச்3-ல் ஓரமாக வைக்கும் வழியை ஸ்டைனிட்ஸ், சிகோரினுக்கு எதிரான 1890-91 கேபிள் (தந்தி வழி) ஆட்டத்தில் ஆடினார், 1963-இல் பிஸ்கையருக்கு எதிராக ஃபிஷர் அதைத் தூசுதட்டி எடுத்து ஜெயித்தார். எட்டாவது மூவில் ராணியை எஃப்3-க்குக் கொண்டுவந்து சி6-ஐ அழுத்தினால், பி8-ல் யானையை வைக்கும் கோல்மன் வழி இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் சிங்கப்பூரின் சாங்கியில் அடைக்கப்பட்டிருந்தபோது கோல்மன் என்பவர் ஆராய்ந்து வைத்தது அது. இந்தக் காலத்தில் அதிகம் வருவது எட்டாவது மூவில் பிஷப் டி3. பார்க்க அசிங்கமான மூவ், தன் டி சிப்பாயையே அடைத்துக்கொள்ளும், ஆனால் இ4-ஐ முன்கூட்டியே காப்பதால் கறுப்பின் விரட்டல் வேலைசெய்யாது. அதற்குக் குதிரையை எஃப்6-ல் இருந்து டி5-க்கு எடுக்கலாம், டி8 ராணியின் பார்வை திறந்து ஜி5 குதிரை மறுபடி அடிபடும். ஆறாவது மூவிலேயே செக் வைக்காமல் டி3 ஆடுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு எச்6, அப்புறம் இ4. ஆக மொத்தம் நாலு கிளை, ஒரு பிள்ளைக்கு இரண்டு மூன்று மாத வாரயிறுதி வேலை.

அவ்வளவு நேரம் இல்லாத பிள்ளைக்கு என்ன செய்வது? பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா ஒருவர் இப்படித்தான் கேட்டார், பரீட்சை முடியும்வரை வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் கிடைக்கும் என்று. அவர்களுக்கு நான் மூன்றாவது மூவிலேயே பிஷப் சி5 சொல்கிறேன். குதிரை எஃப்6-ல் இல்லாததால் டி8 ராணி ஜி5-ஐப் பார்த்துக்கொண்டிருக்கிறது, வெள்ளைக் குதிரை அங்கே தாவினால் ராணி சும்மா எடுத்துக்கொள்ளும். வெள்ளை சி3, டி3 என்று மெதுவாக வருவார், கறுப்பும் கேஸ்லிங் செய்துகொண்டு சிப்பாய்களை அடுக்கலாம். பி4 தள்ளிச் சிப்பாயைப் பலிகொடுக்கும் எவன்ஸ் கேம்பிட் ஒன்றை மட்டும் பார்த்து வைத்திருக்கவேண்டும், அதுவும் ஷார்ப்தான். இரண்டாவது மூவிலேயே குதிரையை எஃப்6-க்கு எடுக்கும் பெட்ராஃப் இன்னும் அமைதி. நல்ல ஓப்பனிங், ஆனால் பன்னிரண்டு வயதில் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டால் தாக்குதல் என்றால் என்னவென்று கற்றுக்கொள்ள இன்னும் நாலு வருடம் ஆகும். அதை நான் யாருக்கும் முதல் தேர்வாகச் சொல்வதில்லை.

ஷார்ப் ஓப்பனிங் ஆடினால் ஒன்று வெற்றி, இல்லையென்றால் தோல்வி என்று பெற்றோர் நினைக்கிறார்கள், அதையும் இங்கேயே சரிசெய்ய வேண்டும். 1872-இல் வியன்னாவில் ஹம்பே, மைட்னர் ஆடிய ஆட்டத்தில் கறுப்பு ராணியைக் கொடுத்து வெள்ளை ராஜாவை சி6 வரை இழுத்துக்கொண்டு போனது, அங்கே ஒற்றை பிஷப் பி7-க்கும் ஏ6-க்கும் மாறி மாறி செக் வைத்து 18-ஆவது மூவில் டிரா. அது வியன்னா ஓப்பனிங். அதை இன்றும் உலகம் முழுக்க ரசிக்கிறார்கள். இரண்டு பக்கமும் உயிரைக் கொடுத்து ஆடியபோது தராசு நேராக நிற்பதும் உண்டு. ஏற்காட்டுப் பையனின் பதினாலு மூவும் அந்த வகைதான், அதற்காக அவனைத் தட்டிக்கொடுக்க வேண்டுமே தவிர டிராதானே என்று தள்ளக் கூடாது.

அவன் விஷயத்தில் முடிவு இப்படி: கிளாசிக்கலில் குதிரை ஏ5, ரேபிடில் விருப்பப்பட்டால் டிராக்ஸ்லர், ஆனால் பிஷப் வெட்டுக்கு என்ன பதில் என்று சொல்லிக்காட்டிய பிறகுதான். அவனுக்கு முதலில் பிடிக்கவில்லை, டிராக்ஸ்லரை விட மனசில்லை. "சார், ஏ5-ல குதிரை ஓரத்துல நிக்குதுங்களே, அது நல்லதா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்காகவே அவனுக்கு இந்த ஓப்பனிங் பொருந்தும் என்று தோன்றியது. ஓரத்தில் நிற்கும் குதிரை பலவீனம் என்பதை அறிந்து, அந்தப் பலவீனத்துக்கு என்ன கிடைக்கிறது என்று கணக்குப் பார்க்கிறான். முதல் வேலையாக பிஷப் இ2 கிளையை வெள்ளைப் பக்கமிருந்தும் கறுப்புப் பக்கமிருந்தும் எங்களுக்குள் ஆடிப் பார்க்கிறோம். எச்3 குதிரையும் கோல்மனும் அதற்கடுத்து. பிஷப் டி3-க்குக் குதிரையை டி5-ல் வைப்பதா, வேறு ஏதாவது இருக்கிறதா என்பதை மட்டும் அவனையே தேடிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன், எஞ்சினைத் திறக்காமல், போர்டை வைத்து.